மொட்டைக் கடிதாசி எழுதியது யார்?

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அக்கா, இந்த வருஷம் நீங்கதான் பேசணும். ஆனா தயவுசெஞ்சு பாங்க் பத்திப் பேசிடாதீங்க, பிள்ளைங்க எழுந்து போயிடுவாங்க" என்றார். முப்பத்திரண்டு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவளுக்கு வேறு என்ன தெரியும்? யோசித்துப் பார்த்ததில், எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு விஷயமும் இருந்தது. அது ஒரு அமெரிக்க டி.வி. தொடர். 'பிரெட்டி லிட்டில் லையர்ஸ்'. பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அப்படியானால் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். நல்லதாயிற்று.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாரா ஷெப்பர்ட் என்ற எழுத்தாளரின் நாவல் வரிசையை வைத்து 2010 ஜூனில் ஆரம்பித்த தொடர் இது. 2017 ஜூன் வரை ஏழு சீசன், 160 எபிசோட். பென்சில்வேனியாவில் ரோஸ்வுட் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஐந்து தோழிகள். அதில் தலைவி மாதிரி இருந்த அலிசன் ஒரு ராத்திரி காணாமல் போகிறாள். ஒரு வருடம் கழித்து அவள் பிணம் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். அதே சமயம் மீதி நான்கு பேருக்கும் செல்போனில் செய்தி வர ஆரம்பிக்கிறது. அவர்கள் யாருக்கும் சொல்லாத ரகசியங்களெல்லாம் அதில் இருக்கின்றன. கீழே கையெழுத்து, 'ஏ' என்று ஒற்றை இங்கிலீஷ் எழுத்து. அலிசனுக்கும் முதல் எழுத்து அதுதானே? செத்தவளா அனுப்புகிறாள்? ஏழு வருடம் ஓடியது இந்த ஒரு கேள்விதான். யார் அந்த 'ஏ'?

நம் ஊரில் இதற்குப் பெயர் மொட்டைக் கடிதாசி. இன்லாண்டு லெட்டரில் வந்தது செல்போனில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2012-ல் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று நான் நியூ ஜெர்சி போயிருந்தேன். அக்கா படுத்திருப்பாள். நானும் அவள் பெண்ணும் டி.வி. முன்னால் உட்காருவோம். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. முதல் எபிசோடிலிருந்து பார்த்தவள், எனக்குப் பழைய கதையெல்லாம் சொல்லிச் சொல்லியே தேற்றிவிட்டாள். தொண்ணூறுகளில் சன் டி.வி.யில் 'மர்மதேசம்' பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு முடிச்சோடு நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வரை காக்க வைத்தால் மனசு என்ன பாடுபடும் என்று. அந்தக் காத்திருக்கும் ஒரு வாரத்தில்தான் ஊகங்கள் பிறக்கின்றன. பிள்ளைகள் மொழியில் 'தியரி'.

அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். இயற்பியல் லாப் ரெக்கார்டு தோற்றுவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெயர். இவள்தான் 'ஏ' என்பதற்கு என்ன துப்பு, இவளாக இருக்க முடியாது என்பதற்கு என்ன துப்பு என்று நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி. கடைசி வரியில், "எது நடந்தால் இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும்?" இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எனக்கு அவள் மேல் பெரிய மரியாதை வந்தது. நம் துறைத் தலைவர் அன்றைக்கு வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? எந்தச் சோதனையிலும் தோற்க முடியாத கருதுகோள், கருதுகோளே இல்லை என்பார். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

2012 மார்ச் 19, திங்கள்கிழமை. அன்றைக்கு 'ஏ' யார் என்று சொல்லப் போகிறார்கள். நாவலில் முதல் 'ஏ' மோனா என்ற பெண். இவள் நாவலைப் படித்தவள். "புக்ல மோனான்னா டி.வி.ல மோனா இல்ல சித்தி. எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்கு வைப்பாங்க?" என்றாள். அன்று ராத்திரி பார்த்தால், மோனாதான்! நோட்டில் மோனாவின் பக்கத்தை என்றைக்கோ கிழித்துப் போட்டிருந்தாள். அதிபுத்திசாலித்தனம் என்று நாம் சொல்வது இதைத்தான். கண்ணெதிரே இருப்பதை, கண்ணெதிரே இருக்கிறது என்பதற்காகவே தள்ளிவிடுவது.

ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தாள். ஏனென்றால் மோனா முதல் எபிசோடிலிருந்தே இருக்கிறாள். அலிசனிடம் கேலிப்பட்டு அழுதவள். தனக்கென்று இருந்த ஒரே தோழியும் அந்த நால்வரோடு போய்விடுவாளோ என்ற பயம் அவளுக்கு. எல்லாம் நம் முன்னாலேயேதான் நடந்திருக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை. நல்ல திருப்பம் என்றால் இப்படித் தோற்றுப்போன பிறகும் சிரிப்பு வர வேண்டும்.

இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். துப்பறியும் கதைகளும் எழுதுவார். 1929-ல் அந்த மாதிரிக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார், கொஞ்சம் வேடிக்கையாகத்தான். முதல் கட்டளை, குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும் என்பது. பத்தாவது கட்டளை, வாசகரை முன்கூட்டியே தயார் செய்யாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவரக் கூடாது என்பது. இரட்டை வேடப் படங்களாகப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பத்தாவது கட்டளை ரொம்ப அநியாயமாகப் படும். இருந்தாலும் இந்த இரண்டையும் ஞாபகத்தில் வையுங்கள்.

மோனாவோடு நிறுத்தியிருக்கலாம். அதே மாதிரிப் பள்ளிக்கூடப் பெண் துப்பறியும் 'வெரோனிகா மார்ஸ்' தொடரில், 2004-ல் ஆரம்பித்த கொலைக்கு 2005 மே மாதத்திலேயே விடை சொல்லிவிட்டார்கள். இங்கே நிறுத்தவில்லை. மோனாவிடமிருந்து விளையாட்டை வேறொருவர் பிடுங்கிக்கொண்டார் என்று கதை நீண்டது. கதை நீள நீள நோட்டும் தடித்தது. நான் ஊர் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை போனில் எங்கள் ஆராய்ச்சி தொடர்ந்தது.

ஆரியா என்ற பெண் ஆரம்ப வருடங்களின் டைட்டில் காட்சியில் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்பாள். அதை வைத்தே அவள்தான் 'ஏ' என்று லட்சம் பேர் சத்தியம் செய்தார்கள். எனக்கு அது ஒரு நாளும் ஒப்பவில்லை. டைட்டிலில் யாராவது ஒருத்தி விரல் வைத்துத்தானே ஆக வேண்டும்?

டோபி கதை வேறு. அந்த ஊரிலேயே ஒதுங்கி இருக்கும் பையன். முதல் சீசனில் அலிசனைக் கொன்றவன் என்று ஊரும் போலீஸும் அவனைத்தான் சந்தேகப்பட்டார்கள். அந்த நான்கு பெண்களும் சந்தேகப்பட்டார்கள். நாமும் சந்தேகப்பட்டோம். அவன் முகம் அப்படி, பேச்சு அப்படி, பழைய கதை அப்படி. பிறகு பார்த்தால் அவன் அப்பாவி. ஸ்பென்சர் என்ற பெண் அவனுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கப் போய், பேசிப் பார்த்து, மனசு மாறுகிறாள். பிறகு 2012 ஆகஸ்டில் அதே டோபி கறுப்பு ஹூடி போட்டுக்கொண்டு 'ஏ' கூட்டத்தில் நிற்பதாகக் காட்டி நம்மைத் தூக்கிவாரிப் போட்டார்கள். ஸ்பென்சரைக் காப்பாற்றத்தான் அங்கே சேர்ந்தான் என்று அதற்கும் பின்னால் சொன்னார்கள். டோபி அப்பாவி என்று தெரிந்த கதையைச் சொல்லும்போதுதான் ஒரு நாள் அக்கா பெண் கேட்டாள்: "சித்தி, நீங்க நிஜத்துல யாரையாவது இப்படித் தப்பா சந்தேகப்பட்டிருக்கீங்களா?" நான் "சேச்சே, இல்லடா" என்றேன். இதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வருகிறேன்.

2015 ஆகஸ்ட் 11. இரண்டாவது 'ஏ' யார் என்ற விடை. சீசீ டிரேக் என்ற பெண். கதைக்குள் அவள் வந்ததே 2012-ல்தான், மூன்றாவது சீசனில். அவள் உண்மையில் அலிசனின் கூடப்பிறந்தவள். சார்லஸ் என்ற ஆண் குழந்தையாகப் பிறந்து, மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, சார்லட் என்ற பெண்ணாக வளர்ந்தவள் என்று சொன்னார்கள். பாலினம் மாறியவரை ஒரு கதையில் காட்டுவதே அபூர்வம், அதிலும் வில்லியாகத்தானா காட்ட வேண்டும் என்று பெரிய கண்டனம் எழுந்தது. நியாயமான கண்டனம் என்பது என் கருத்து. பார்ப்பவர்களைத் திடுக்கிட வைக்க ஒரு வாழ்க்கையையே வெடிகுண்டாக வைத்தது மாதிரி இருந்தது. அக்கா பெண் நோட்டில் சீசீக்குப் பக்கம் இருந்தது. ஆனால் அவளுக்கு ஏன் இது நேர்ந்தது என்ற இடத்தில் இவள் எழுதியதில் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை.

அதோடும் விடவில்லை. அடுத்தது 'ஏ.டி.' 2016 ஜூனில் ஏழாவது சீசன் ஆரம்பிக்கும்போது ஹன்னா என்ற பெண்ணைக் கடத்தி அடைத்து வைத்திருப்பார்கள். அவள் கனவில் ஸ்பென்சர் வந்து பேசுகிற மாதிரி ஒரு காட்சி. எல்லோரும் கனவு என்றார்கள். அக்கா பெண் அன்றே போன் செய்தாள். "அது கனவு இல்ல சித்தி. ஸ்பென்சர் மாதிரியே இன்னொருத்தி இருக்கா." காரணங்களும் சொன்னாள். நாவலில் அலிசனுக்கு இரட்டைச் சகோதரி உண்டு. டி.வி.யில் இரட்டையரைப் பற்றி 2011-லேயே அலிசன் ஒரு பேய்க்கதை சொன்னாள். அலிசனின் அம்மாவுக்கு இரட்டைச் சகோதரி இருப்பதை அந்த வருடம் மார்ச்சில் காட்டிவிட்டார்கள். அம்மா தலைமுறையில் ஒரு ஜோடி என்றால் மகள் தலைமுறையிலும் ஒரு ஜோடி. இப்படிப் பலரும் ஊகித்தார்கள். 2017 ஜூன் 27 கடைசி எபிசோடில் வந்து நின்றவள் அலெக்ஸ் டிரேக், ஸ்பென்சரின் இரட்டைச் சகோதரி, பிரிட்டிஷ் உச்சரிப்போடு!

நான் அடித்துப் பிடித்து போன் செய்தேன். "ஜெயிச்சுட்டடா!" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "ஜெயிச்சேன் சித்தி. ஆனா அவ யாருன்னே எனக்குத் தெரியாதே. ஏழு வருஷம் தேடினவ, இன்னிக்குத்தான் மொதல்ல பார்க்கறேன்."

நாக்ஸ் பாதிரியாரின் பத்தாவது கட்டளை ஒரு மாதிரி நிறைவேறியது, துப்பு கொடுத்திருந்தார்கள். முதல் கட்டளைதான் உடைந்தது. மோனா என்றபோது தோற்றும் சிரித்த பெண், அலெக்ஸ் என்றபோது ஜெயித்தும் அழாத குறை. எழுதுகிறவர்களைச் சொல்லியும் முழுக்கக் குற்றமில்லை. லட்சம் பேர் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எந்த ரகசியம்தான் மிஞ்சும்? யாரும் ஊகிக்காத ஆளைத் தேடிப்போனால், யாருக்கும் தெரியாத ஆள்தான் கிடைப்பாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் முன்பு கேட்ட கேள்விதான் காரணம்.

1983. நம் விடுதி. என் செட்டில் ஒரு பெண்ணின் வீட்டுக்கு மொட்டைக் கடிதாசி போனது. உங்கள் மகள் ஒரு பையனோடு பேசுகிறாள் என்று. மறுநாளே அப்பா வந்து படிப்பை நிறுத்தி அழைத்துப்போய்விட்டார். போகுமுன் அவள் அந்தக் கடிதத்தை எங்களிடம் காட்டினாள். விடுதியே துப்பறிந்தது, தலைமை தாங்கியது நான். வயலெட் மை. இடது பக்கம் சாய்ந்த எழுத்து. நம் ஊர்த் தபால் முத்திரை. அந்தப் பெண்ணின் அறைத் தோழியிடம் வயலெட் மை பேனா இருந்தது, எழுத்தும் சாயும், யாரோடும் அதிகம் பேசவும் மாட்டாள். போதாதா? எல்லாத் துப்பும் கச்சிதமாகப் பொருந்தின. எது நடந்தால் இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும் என்று நான் எழுதி வைக்கவில்லை. மெஸ்ஸில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுந்து போவோம். முதல் ஆளாக எழுந்தது நான்தான். அந்தப் பருவம் முடிவதற்குள் அவள் விடுதியைக் காலி செய்தாள். அடுத்த வருடம் கல்லூரிக்கும் வரவில்லை.

பதினோரு வருடம் கழித்து, அப்பா அழைத்துப்போன அந்தத் தோழியை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கடிதம் எழுதியது அவளுடைய தாய்மாமன். பெண்ணைத் தனக்குக் கட்டிவைக்க வேண்டும் என்பதற்காக, பஸ் ஏறி இங்கே வந்து நம் ஊர்த் தபாலில் போட்டிருக்கிறார். எங்கள் யாருக்கும் அவர் இருப்பதே தெரியாது. அலெக்ஸ் டிரேக் மாதிரிதான்.

2017-ல் அக்கா பெண்ணிடம் மறுபடி போன் செய்து, "சந்தேகப்பட்டிருக்கேன்டா" என்று இதைச் சொன்னேன். "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வாசலில் பதிவு மேஜையில் முகவரி தெரியாதவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்தேன், இயற்பியல் பிரிவில் அவள் பெயரும் இருக்கிறது. மேடையில் பெயரைச் சொல்வது முறையில்லை. என் செட்டுக்குத் தெரியும். யாருக்காவது அவள் இருக்கும் ஊர் தெரிந்தால், அவள் தங்கை, தம்பி யாரையாவது தெரிந்தால்கூடப் போதும், மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் சொல்லுங்கள். இடது பக்கம் மூன்றாவது மேஜையில் இருப்பேன்.