மூடிய மைதானமும் திறந்த மைதானமும்



உதைபந்தாட்டம் என்றதும் உருண்டைப் பந்தும், பதினொருவர் கொண்ட அணியுமே நம் நினைவுக்கு வருவன. அவுஸ்திரேலியாவின் தென்பகுதி மக்கள் பெரிதும் போற்றும் உதைபந்தாட்டமோ வேறு வகையானது. அதன் மைதானமும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். பந்தைக் காலால் உதைக்கலாம். கையில் ஏந்தி ஓடலாம். ஒரு கையிலே தாங்கி மறுகை முஷ்டியாற் குத்தித் தோழருக்கு அனுப்பலாம். எறிதல் மட்டும் ஆகாது. மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டினூடே பந்தை உதைத்தால் 6 புள்ளிகள். பக்கத்து இடைவெளியிற் சென்றால் 1 புள்ளி.

இவ்விளையாட்டுக்கு மெல்பேர்ண் நகரில் விதிகள் எழுதப்பட்டது 1859ஆம் ஆண்டிலாகும். பெண்களும் ஆங்காங்கே நெடுங்காலம் இதனை ஆடியே வந்தனர். ஆயினும், ஊதியம் பெற்று ஆடும் தேசியச் சுற்றுப்போட்டி அவர்களுக்கு வாய்த்தது 2017ஆம் ஆண்டிலேதான். இடையே கழிந்தவை 158 ஆண்டுகள்! இத்தாமதத்தின் பொருளை ஒரு பெண்ணின் வாழ்க்கை வாயிலாக நோக்குவோம்.

எரின் பிலிப்ஸ் 1985ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் தந்தை கிரெக் பிலிப்ஸ், போர்ட் அடிலெயிட் கழகத்தின் புகழ்பெற்ற வீரர். சிறுமியான எரின் பையன்களோடு சேர்ந்து இவ்விளையாட்டை ஆடினார். 13 வயதானதும் விதி குறுக்கிட்டது: இனிப் பையன்களோடு ஆடலாகாது. அவருடைய திறமை குறையவில்லை, வயதுதான் ஏறியது.

அவர் கூடைப்பந்தாட்டத்தின் பக்கம் திரும்பினார். 2006ஆம் ஆண்டு உலக வெற்றிக் கிண்ணத்தை ஈட்டிய அவுஸ்திரேலிய அணியிலும், 2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணியிலும் இடம்பெற்றார். அமெரிக்காவில் 2012இல் இந்தியானா அணியோடும், 2014இல் பீனிக்ஸ் அணியோடும் வாகை சூடினார்.

2017இல் உதைபந்தாட்ட மைதானம் பெண்களுக்குத் திறந்தபோது எரினுக்கு வயது 31. விளையாட்டு வீரர் பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் பருவம் அது. அவரோ அடிலெயிட் அணியிற் சேர்ந்து, முதலாண்டிலேயே தம் அணி கிண்ணம் வெல்ல உதவினார். சுற்றுப்போட்டியின் தலைசிறந்த வீராங்கனை என்னும் விருதும் பெற்றார். 2019இல் அவ்விருது மீண்டும் அவரை நாடி வந்தது. அவ்வாண்டு இறுதிப்போட்டியைக் காண அடிலெயிட் மைதானத்திலே 53,034 பேர் திரண்டனர். ஆட்டத்தின் மூன்றாங் காற்பகுதியில் முழங்காலிற் காயமுற்று அவர் விழுந்தார். தூக்குக் கட்டிலில் அவரைக் கொண்டுசென்றபோது பார்வையாளர் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். எதிரணியினரும் அருகே வந்து ஆறுதல் கூறினர். அடிலெயிட் அணி 45 புள்ளிகளால் வென்றது.

காயம் ஆறியபின் மீண்டும் களமிறங்கிய அவர், 2022இல் மூன்றாம் முறையும் கிண்ணம் வென்றார். அதே ஆண்டு தந்தையின் கழகமான போர்ட் அடிலெயிட், முதன்முறையாகப் பெண்கள் அணியை அமைத்தபோது அதன் தலைவியானார். 2023இல் ஓய்வுபெற்றார். 2025இல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டப் புகழ்மண்டபத்தில், தேசியப் பெண்கள் சுற்றுப்போட்டியிலிருந்து முதலாவதாக இடம்பெற்றவரும் அவரே.

நேயர்களே, 'திறமை எவ்வாறேனும் வெளிப்பட்டே தீரும்' என்று இதைக் கேட்டு ஆறுதல் கொள்ளல் எளிது. நான் அவ்வாறு கொள்ளேன். எரினுக்கு மற்றொரு விளையாட்டு கைகொடுத்தது. அதுவும் உலகத் தரத்திலே. அவரைப் போலவே பந்தைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்பிய சிறுமியர் எத்தனை பேர்? மைதானம் திறந்தபோது அவர்களுட் பலருக்கு ஆடும் வயது கடந்துவிட்டது. அவர்களுக்குப் புகழ்மண்டபம் இல்லை. பெயர்தானும் நமக்குத் தெரியாது.

பாடசாலையிற் பணிபுரிவோரும் பெற்றோரும் சிந்திக்க வேண்டியது இதுவே. வளரும் பிள்ளையிடம் 'இனி உனக்கு இது வேண்டாம்' என்று கூறுவதற்கு ஒரு கணம் போதும். அச்சொல் மூடிய வாயிலைத் திறக்க, எரினின் வாழ்விலே ஏறத்தாழ 18 ஆண்டுகள் சென்றன. அந்த ஒரு சொல்லைச் சொல்லுமுன் சற்றே தயங்குவோமாக.