கோயிலுக்கு அருகே ஓர் ஆறு



ஹெலன்ஸ்பர்க் என்றால் நமக்கு வெங்கடேஸ்வரர் கோயில்தான். தரிசனம், கேன்டீனில் தோசை, நேரே வீடு. ஊரை ஒட்டி ஹேக்கிங் ஆறு ஓடுகிறது. 1879இல் அமைந்த ராயல் தேசியப் பூங்காவுக்குள் புகுந்து கடலுக்குப் போகிறது. நம் புலம்பெயர் கதைகளில் ஆறு என்று வந்தால் பெரும்பாலும் அது விட்டுவந்த ஊரின் ஆறு. இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

போன மாதம் குடும்பத்தோடு லேடி கேரிங்டன் பாதையில் நடந்தோம். ஒரு காலத்தில் குதிரைவண்டிச் சாலை, இப்போது கார் போகாது. ஆறு கூடவே வரும். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த அம்மா குனிந்து தண்ணீரை அள்ளி, "குடிக்கலாமாய்யா?" என்றார்.

ஹெலன்ஸ்பர்க் 1880களிலிருந்து நிலக்கரிச் சுரங்க ஊர். 2022இல் சுரங்கக் கழிவு இறங்கி, மேலே இந்த ஆற்றில் சேரும் கேம்ப் கல்லி ஓடை கறுத்துப்போனது. சொன்னேன்.

"இங்கயுமா?" என்று கையை உதறினார்.

புதருக்குள் லயர் பறவை ஒன்று மற்ற பறவைகளின் குரல்களை வரிசையாகப் பாடிக்காட்டியது. தமிழில் அதற்கு என்ன பெயர் என்றாள் மகள். எழுத்தாளன் நான் முழித்தேன். அம்மா யோசிக்கவேயில்லை: "பலகுரலான்."