கூட்டுப் பண்ணையும் சர்க்கார் மானியமும்

(அல்லிநகரத்தில் சிறு விவசாயிகளும் குத்தகைதாரர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



“கூட்டாகச் சேர்ந்தால் சர்க்கார் ஐந்து லட்சம் தருகிறதாம், சேரலாமா?” என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். “எங்கள் நிலம், எங்கள் பாடு, மானியத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்” என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். இரண்டு தரப்பாரும் உழைக்கிற ஜனங்கள்தான். ஆனால் அந்தப் பணம் யார் வாசலில் போய் விழுகிறது என்பதை இரண்டு தரப்பாருமே பார்க்கவில்லை. அதை இன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஐந்து லட்சத்தின் கதை. 2017-18ல் தமிழ்நாடு சர்க்கார் கூட்டுப் பண்ணையத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சிறு, குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள், அதாவது 100 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அந்தக் குழு பண்ணை இயந்திரம் வாங்கிக்கொள்ள 5 லட்ச ரூபாய். முதல் ஆண்டில் 2,000 குழுக்கள், 2 லட்சம் விவசாயிகள், 100 கோடி ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. கோடி என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம்; வகுத்துப் பாருங்கள். தலைக்கு 5,000 ரூபாய் வருகிறது. இதே நாட்டில் 2019 முதல் மத்திய சர்க்கார், நிலம் பேரில் இருக்கிற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. தனியாக இருந்தால் ஆண்டுதோறும் 6,000. கூட்டாகச் சேர்ந்தால் ஒரு முறை 5,000! ஒருவரே இரண்டையும் வாங்கலாம், அது சரி. ஆனால் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இன்னொன்று. பெயர் கூட்டுப் பண்ணையமே தவிர, பண்ணையம் கூட்டாக நடப்பதில்லை. நிலம் அவரவரிடம், பயிர் அவரவர் இஷ்டம், நஷ்டமும் அவரவர் தலையில். கூட்டாக இருப்பது இயந்திரம் ஒன்றுதான்; மிஞ்சிப்போனால் உரம், விதையைச் சேர்த்து வாங்குவது. வாடகை டிராக்டருக்கு நாள் கணக்கில் காத்துக் கிடந்தவனுக்கு அதுவும் ஒரு சகாயம்தான், நான் மறுக்கவில்லை. 2020ல் மத்திய சர்க்கார் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் என்று தொடங்கியதும் இதே வகை. ஒவ்வொன்றின் நிர்வாகச் செலவுக்கும் மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் வரை தருவதாகத் திட்டம். உரம் விற்கலாம், விளைச்சலை வாங்கலாம். ஆனால் கம்பெனி வயலில் இறங்கி உழாது.

சரி, தனி ஆளுக்குக் கொடுக்கும் மானியம் எப்படி? டிராக்டர் போன்ற இயந்திரங்களுக்கு 40 முதல் 50 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு. ஒரு டிராக்டர் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் என்றால் 3 லட்சத்து 20 ஆயிரம். நல்லது. மீதி 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு யார் போவது? அரை ஏக்கர்க்காரன் போவானா? அதை எடுத்து வைக்கக்கூடியவன் எவனோ அவனுக்குத்தான் அந்த மானியம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இந்த ராஜ்யத்தில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம் தருகிறார்கள். அது உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் அதற்கும் சிட்டா, அடங்கல், சிறு விவசாயிச் சான்று எல்லாம் வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்து உழுகிறவன் எந்தச் சிட்டாவைக் கொண்டுபோவான்? இலவச மின்சாரமும் அப்படித்தான். விவசாயிகள் போராடிப் பெற்ற உரிமை அது, அதில் கை வைக்க விடமாட்டோம். ஆனால் கிணறும் மோட்டாரும் உள்ளவனுக்குத்தானே அது பாய்கிறது? உர மானியமோ உரக் கம்பெனியின் கணக்குக்குப் போகிறது. எத்தனை மூட்டை போடுகிறாயோ அத்தனை பங்கு. நூறு மூட்டை போடுகிற பண்ணையாருக்கு நூறு பங்கு, இரண்டு மூட்டைக்காரனுக்கு இரண்டு.

ஆகவே, தோழர்களே, மானியம் என்றால் ஏழைக்குக் கொடுப்பது என்று யாரும் மயங்க வேண்டாம். நிலத்தைப் பார்த்துக் கொடுத்தால் நிலம் உள்ளவனிடம் போகும், சாமானைப் பார்த்துக் கொடுத்தால் சாமான் வாங்குகிறவனிடம் போகும். உழைப்பைப் பார்த்துக் கொடுத்தால்தான் உழைக்கிறவனிடம் வரும்.

தனிப் பண்ணையம் ஏன் கட்டவில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கருக்குப் பெரியாற்றுத் தண்ணீர், இரண்டு போகம். அதைத் தாண்டி அல்லிநகரம் பக்கம் வந்தால் கண்மாயையும் கிணற்றையும் நம்பி, மலையடிவாரம் வரை மானாவாரி. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக, ஒவ்வொருவரும் தனித்தனியே ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து வயலில் இரண்டு பேர் போட்டி போட்டுப் பூமியைத் துளைத்தால் இரண்டு பேரும் கடனாளி. லாபம் துளை போடுகிற வண்டிக்காரனுக்கு. கடைசியில் என்ன ஆகிறது? நிலம் பிளாட்டாகிறது. தேனி டவுனைச் சுற்றி எத்தனை வயலில் இன்று கல் நட்டிருக்கிறது என்று போகும்போது எண்ணிக்கொண்டு போங்கள்.

கூட்டுப் பண்ணை என்ற பேச்சு நேற்று முளைத்ததல்ல. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, எதிர்காலத்தில் கூட்டுறவு முறைக் கூட்டுப் பண்ணைதான் என்று தீர்மானம் போட்டது. நிலச் சொந்தம் அவரவருக்கே. நிலத்துக்கு ஒரு பங்கு, உழைப்புக்கு ஒரு பங்கு. நிலமில்லாதவனுக்கும் உழைத்ததற்குப் பங்கு. நேரு அதை ஆதரித்தார். அந்தக் கட்சிக்குள்ளேயே சரண்சிங் எதிர்த்தார். வெளியே ராஜாஜி எதிர்த்தார். அதே ஆண்டில் பிறந்த சுதந்திராக் கட்சிக்கு இந்த எதிர்ப்பு ஒரு பெரிய ஆயுதமாயிற்று. “நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள்” என்று ஒரு கூச்சல். ஒரு குழி நிலம் இல்லாதவனைக்கூட அந்தக் கூச்சல் பயமுறுத்தியது! தீர்மானம் காகிதத்தோடு நின்றது.

அப்போது கூட்டுறவுப் பண்ணைகள் சில ஏற்படத்தான் செய்தன. பொருளாதார ஆராய்ச்சியாளர் டானியல் தார்னர் 1958-59ல் பல ராஜ்யங்களில் சுற்றி அவற்றை நேரில் பார்த்தார். பெரும்பாலானவற்றில் கூட்டுறவு என்பது பெயரளவுக்குத்தான் இருந்தது. நிலச் சொந்தக்காரன் தன் குடும்பத்தாரையும் வேண்டியவர்களையும் அங்கத்தினராகப் போட்டு, உச்சவரம்புக்குத் தப்பவும் சர்க்கார் கடனும் மானியமும் வாங்கவும் அதை உபயோகித்துக்கொண்டான். மானியத்துக்காகக் கூடிய கூட்டம் மானியம் தீர்ந்ததும் கலைந்தது. இதை மறந்துவிட்டு இன்று குழு ஆரம்பிக்க ஓடக்கூடாது.

“ரஷ்யாவிலும் சீனாவிலும் பார்த்தாயிற்றே!” என்று ஒருவர் முணுமுணுக்கிறார். கேட்கட்டும், பதில் உண்டு. சோவியத் நாட்டில் 1929க்குப் பிறகு பலவந்தமாகச் சேர்த்தார்கள்; 1932-33ல் கொடிய பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்தார்கள். சீனாவில் 1958ல் கம்யூன்களை அவசரமாக ஏற்படுத்தினார்கள்; அங்கும் பஞ்சம் வந்தது. 1978ல் அன்ஹுய் மாகாணத்தில் ஒரு கிராமத்து விவசாயிகள் ரகசியமாக நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். பின்னர் சர்க்காரே அந்த வழிக்கு வந்தது. இதையெல்லாம் மூடி மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஆனால் எங்கெல்ஸ் 1894ல் எழுதியது வேறு. சிறு விவசாயியைப் பலவந்தம் செய்யக்கூடாது, முன்மாதிரியாலும் சமூகத்தின் உதவியாலும்தான் கூட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பது அவர் கருத்து. சமூகத்தின் உதவி என்று அவர் சொன்னதற்கு இன்றைய பெயர்தான் மானியம்.

அப்படி ஒரு முன்மாதிரி வெகு தூரத்தில் இல்லை. குமுளி மலையேறினால் கேரளம். அங்கே 1998ல் குடும்பஸ்ரீ இயக்கம் தொடங்கிற்று. அதில் பெண்கள் நாலு பேர் முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து ஒரு குழு. பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாதவர்கள், அல்லது வீட்டைச் சுற்றிச் சில சென்ட் உள்ளவர்கள். தரிசாகக் கிடக்கிற நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழை, காய்கறி, நெல் போடுகிறார்கள். வங்கிக் கடன் குழுவின் பேரில். வட்டியில் ஒரு பகுதியைச் சர்க்கார் ஏற்கிறது. பயிர் செய்த பரப்புக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். இதைக் கவனியுங்கள், தாய்மார்களே: பட்டாவுக்குத் தருவதில்லை, பயிருக்குத் தருகிறார்கள். பஞ்சாயத்து நிலம் பார்த்துத் தர உதவுகிறது, வேளாண் அலுவலகம் பயிற்சி தருகிறது.

பலன் என்ன? பேராசிரியை பீனா அகர்வால், ஆலப்புழை, திருச்சூர் ஜில்லாக்களில் இந்தக் குழுக்களையும் தனிக் குடும்பப் பண்ணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து 2018ல் பிரசுரித்தார். தனிப் பண்ணைகளில் பெரும்பாலானவை ஆண்கள் நடத்துபவை, சொந்த நிலம் உள்ளவை. அப்படியும் ஏக்கருக்கு ஏக்கர் விளைச்சலின் மதிப்பிலும் நிகர வருமானத்திலும் பெண்கள் குழுக்கள் முந்தின. ஆனால் எல்லாப் பயிரிலும் அல்ல. வாழையில் நன்றாக முந்தினார்கள். நெல்லில் அந்த வெற்றி இல்லை. தெலங்கானாக் குழுக்களையும் அவர் ஆராய்ந்தார். அங்கே விளைச்சல் தனிப் பண்ணையைவிடக் குறைவு. கூலிச் செலவு மிச்சமானதால் நிகர வருமானம் மட்டும் சமமாக நின்றது. ஆகவே “கூட்டு” என்ற சொல்லில் மந்திரம் ஒன்றும் கிடையாது. எந்தப் பயிர், எத்தனை பேர், யாருக்கு யார் பழக்கம், பின்னால் எந்த ஸ்தாபனம் நிற்கிறது, இவையெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. சின்னமனூர் வட்டாரத்தில் வாழை போடுகிற நமக்கு இதைவிட உபயோகமான சேதி வேறு என்ன வேண்டும்!

நம் திட்டத்தில் ஒரு குழுவுக்கு நூறு பேர். நூறு பேர் சேர்ந்து ஒரு வயலில் களை எடுக்க முடியுமா? யார் வந்தார், யார் வரவில்லை என்பது யாருக்குத் தெரியும்? பத்துப் பேர் என்றால் ஒருத்தி வராவிட்டால் அன்றைக்கே தெரியும். அபராதமும் போடலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மன்னிக்கவும் செய்யலாம். ஒரே கிணற்றில் அண்ணன் தம்பிகள் பங்கு வைத்து, முறை போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது நமக்குப் பழக்கம்தானே? பங்காளிச் சண்டை வந்தாலும் முறை தவறுவதில்லை. ஏன்? பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் தெரியும், யார் முறை என்று ஊருக்கே தெரியும். குழுவின் கணக்கும் அப்படி வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

பிரான்ஸ் முதலாளித்துவ நாடு. அங்கே 1962ல் ஒரு சட்டம் செய்தார்கள். சில விவசாயிகள் நிலத்தையும் உழைப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுப் பண்ணை நடத்தலாம். மானியம் கணக்கிடும்போது அந்தப் பண்ணையை ஒரே ஆளாகப் பார்க்கமாட்டார்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பங்காளியையும் தனித்தனிப் பண்ணைக்காரராக எண்ணுவார்கள். கூட்டில் சேர்ந்ததால் எவரும் ஒரு காசும் இழக்கக்கூடாது என்பது தத்துவம். முதலாளித்துவ நாட்டுக்கு இந்தப் புத்தி இருக்கிறது. நம் அதிகாரிகளிடம் இதைக் கேட்டால் என்ன குற்றம்?

இனி, இந்தக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பல பேர் உழுகிற நிலம் அவர்கள் பேரில் இல்லை. வெளியூரில் இருக்கிற சொந்தக்காரனுக்குக் குத்தகை அளக்கிறீர்கள். 6,000 ரூபாய் அவன் கணக்கில் விழுகிறது. பயிர் அழிந்து நிவாரணம் வந்தாலும் காகிதம் அவனிடம். இந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் அடைபட்டு ஏலத் தோட்டத்துக்கு மலையேறுகிறார்கள். அவர்கள் கைக்குத் தெரியாத விவசாய வேலை உண்டா? ஆனால் சர்க்கார் பதிவேட்டில் அவர்கள் விவசாயி அல்ல!

1969லேயே குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் என்று தமிழ்நாட்டில் ஒன்று வந்தது. குத்தகைதாரர் தன் பெயரைப் பதிந்துகொள்ள உரிமை உண்டு. ஏன் பதியவில்லை என்றால், பயம். மனு கொடுத்த மறுநாள் நிலத்தை விட்டு இறங்கு என்பான். ஒருவர் தனியாகக் கொடுத்தால் அதுதான் நடக்கும். ஆகவேதான் குழு வேண்டும் என்கிறேன். இயந்திரம் வாங்க நூறு பேர் சேருவதற்கு முன்னால், குத்தகைப் பதிவுக்குப் பத்துப் பேர் சேருங்கள். ஒரே நாளில், ஒரே மனுக்கட்டாகத் தாலுகா அலுவலகத்தில் கொடுப்போம். பத்துப் பேரையும் ஒரே நாளில் இறக்கிவிட எந்தச் சொந்தக்காரனுக்கும் அவ்வளவு சுலபத்தில் துணிவு வராது. அப்படியே மிரட்டினாலும் சங்கம் கூட நிற்கும்.

பெண்கள் குழுக்களுக்குத் தரிசு நிலம் வேண்டும். பஞ்சாயத்துப் புறம்போக்கிலும் கோயில் நிலங்களிலும் சாகுபடிக்கு ஏற்றது எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கு எடுப்போம். பயிர் செய்கிற குழுவுக்கு, பட்டா கேட்காமல், பரப்பைப் பார்த்து மானியமும் கடனும் வேண்டும் என்று அந்தக் கணக்கோடு கலெக்டரிடம் போவோம். வெறுங்கையோடு போனால் “பரிசீலிக்கிறோம்” என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கூட்டம் முடிந்ததும் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். குத்தகை உழுகிறவர்கள் சர்வே நம்பரும், எத்தனை வருஷமாக உழுகிறீர்கள் என்பதும், குத்தகை கொடுத்ததற்கு ஏதாவது சீட்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளத் தோழர்கள் நோட்டோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். சீட்டு இல்லாதவர்களும் வரலாம். பக்கத்து வயல்காரர் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வாருங்கள். பெண்கள் தங்கள் பெயரைத் தங்கள் பெயராகவே கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரைக் கொடுத்தால் எழுதமாட்டோம்.