கண்ணகியின் இடப்பக்கம்

(நூற்றாண்டு விழாச் சித்திரக் கண்காட்சியில் ஆற்றிய உரை)



சித்திரக் கண்காட்சிக்கு ஒரு வைத்தியரை ஏன் கூப்பிட்டீர்கள் என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். சுவரைப் பார்த்ததும் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

பிள்ளைகள் வரைந்ததில் பாதி அனிமே. 'டிமன் ஸ்லேயர்' தஞ்சிரோவை முகம் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். கறுப்பும் பச்சையும் கட்டம் போட்ட அந்த மேலங்கி போதும். உடுப்புத்தான் ஆள். நம்முடைய வடமோடிக் கூத்திலும் அப்படித்தானே? கரப்புடுப்பும் பெரிய முடியுமாக வந்தால், களரிக்குக் கடைசியில் இருக்கிற ஆச்சிக்கும் ராசா வருகிறார் என்று தெரியும். (சில பெண் பாத்திரங்களின் இடுப்பைப் பார்த்தால் கல்லீரலையும் குடலையும் எங்கே வைத்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

மற்றப் பாதியில் பலர் கண்ணகியை வரைந்திருக்கிறீர்கள். எல்லாம் ஒரே கண்ணகி: விரிந்த கூந்தல், நீட்டிய கை, சிலம்பு. 1968இல் சென்னை மெரினாவில் வைத்த சிலையின் சாயல். சிலையைக் குறை சொல்ல வரவில்லை. அது பாண்டியன் அவையில் வழக்குரைக்கும் நேரம். இடது மார்பைத் திருகி எறிந்தது அதற்குப் பிறகு. அந்தப் பிறகு வந்த கண்ணகி இந்தச் சுவரில் எங்கே? இளங்கோவடிகள் மறைக்கவில்லை. குன்றக்குறவர் வேங்கை மரத்தடியில் கண்டது ஒரு மார்பை இழந்த பெண்ணை. ஆனால் எரிகிற மதுரையை வரைந்த பிள்ளைகூடச் சேலையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுப்பாகத்தான் உடுத்தியிருக்கிறது.

எனக்கு இது வெறும் சித்திரக் கேள்வி இல்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த பெண்கள் என் கிளினிக்குக்கு வருகிறார்கள், வாவி கடந்து படுவான்கரையிலிருந்தும். கதிரையில் இருக்கும்போதும் ஒரு கை முந்தானையை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். கலியாண வீட்டுக்குப் போவதில்லை. சிலர் கோயிலுக்கும் போவதில்லை. கட்டியைக் கண்டும் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் உண்டு. மார்பை எடுத்துவிடுவார்களே என்ற பயம்.

தம்பிலுவில், செட்டிபாளையம், காரைதீவு என்று நம் கண்ணகி கோயில்களின் வைகாசிச் சடங்கை நினைத்துப் பாருங்கள். அது குளிர்த்தியோடுதான் முடியும். நாம் கும்பிடுவது சூடு தணிகிற கண்ணகியை. இடைச்சியர் அவளுடைய காயத்தில் வெண்ணெய் பூசி ஆற்றினார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். வைத்தியராக நான் வெண்ணெய்க்குச் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அந்தக் காயத்தைப் பார்க்கவும் தொடவும் பெண்கள் முன்வந்தார்களே, அது எனக்குப் பெரிது.

வெட்கம் என்பீர்கள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்து, 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த பொன் பூசிய தாராதேவி சிலையை முன்பு பத்தினித் தெய்வம் என்றே எண்ணினார்கள். பத்தினி என்றால் நம் கண்ணகிதான். அந்தச் சிலைக்கு இடுப்புக்கு மேலே துணியே இல்லை. சுமார் 8ஆம் நூற்றாண்டில் அதை வார்த்தவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

உங்களை அப்படி வரையச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். சேலையே போதும். நாம் முந்தானை போடுவதும் இடத்தோளில்தான். அந்தப் பக்கம் தட்டையாக இருந்தால் துணி எப்படி விழும், மடிப்பு எங்கே விழும் என்று பார்த்து வரையுங்கள். முகத்தில் கோபம் வேண்டாம். குளிர்த்தி முடிந்த முகம் வேண்டும். அனிமேக் கண் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

என் கிளினிக்கில், பெண்கள் காத்திருக்கும் வாங்குக்கு எதிரே உள்ள சுவர் வெறுமையாக இருக்கிறது. மூன்றடிக்கு இரண்டடிப் படம் பிடிக்கும். சட்டம் போடுகிற செலவு என்னுடையது.