நாவின் கட்டை அவிழ்த்த 55 நிமிடம்

(ஒரு வீடியோ படத் திரையிடலுக்கு முன் ஆற்றிய உரை)



இன்னும் சற்று நேரத்தில் நாம் பார்க்கவிருப்பது சினிமாக் கொட்டகைக்காக எடுத்த படமல்ல. இதில் நட்சத்திரங்கள் இல்லை, கதாநாயகி இல்லை. 1989-ல் கலிபோர்னியாவில் மார்லன் ரிக்ஸ் என்ற கறுப்பின வாலிபர் வீடியோ நாடாவில் எடுத்த படம் இது. பெயர் 'டங்ஸ் அன்டைட்'. கட்டவிழ்ந்த நாக்குகள் என்று பொருள். ஆணை நேசிக்கும் கறுப்பின ஆண்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே சொல்கிறார்கள்.

"இதையெல்லாம் ஏன் திரையிடுகிறீர்கள்? நாட்டில் வேறு பிரச்னை இல்லையா?" என்று நண்பர்கள் சிலர் எங்களைக் கேட்டார்கள். இதே கேள்வியைத்தான் அன்று அமெரிக்காவிலும் கேட்டார்கள். ஆகவே, அங்கே என்ன நடந்தது என்பதையே பதிலாகச் சொல்லிவிடுகிறோம்.

ரிக்ஸ் 1957-ல் டெக்சாஸ் மாகாணத்தில் பிறந்தார். சிறு வயதில் சில ஆண்டுகள் ஜார்ஜியாவில் வளர்ந்தார். அன்று ஜார்ஜியாவில் ஓர் ஆண் இன்னோர் ஆணுடன் உறவு கொள்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1986-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பதினேழு ஆண்டு கழித்து, 2003-ல், டெக்சாஸ் வழக்கு ஒன்றில்தான் அத்தீர்ப்பு ஒழிந்தது. அப்படியானால் இந்தப் படம் வந்தபோது நிலைமை என்ன? இதில் முகத்தைக் காட்டிப் பேசும் மனிதர்கள், அமெரிக்காவின் பல மாகாணங்களில் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள்! அந்தத் துணிச்சலை நினைவில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள்.

வேறொன்றையும் கவனிக்க வேண்டும். இதற்கு இரண்டாண்டு முன்பு, 1987-ல், ரிக்ஸ் 'எத்னிக் நோஷன்ஸ்' என்ற படத்தை எடுத்திருந்தார். கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பொம்மைகள், விளம்பரங்கள், கார்ட்டூன்கள் ஆகியவற்றின் சரித்திரம் அது. நிறவெறியைச் சாட்சியங்களோடு அம்பலப்படுத்திய அப்படத்துக்கு எம்மி பரிசு கிடைத்தது. பாராட்டினார்கள், பள்ளிகளில் காட்டினார்கள். அதே மனிதர் தம் சொந்த முகத்தைக் காமிராவுக்கு முன் வைத்து, "நான் இன்னாரை நேசிக்கிறேன்" என்று சொன்னவுடன் கூக்குரல் கிளம்பியது. அவமானத்தின் சரித்திரத்தைச் சொல்ல அனுமதி உண்டு. அவமானப்பட்டவன் தன் அன்பைச் சொல்ல அனுமதி இல்லை.

இதை ஏன் வீடியோவில் எடுத்தார்? 1967-ல் சோனி கம்பெனி தோளில் மாட்டிச் செல்லும் வீடியோ கருவியைக் கொண்டுவந்தது. அதுவரை, படம் என்றால் பிலிம் சுருள், லாபரட்டரி, பெரிய முதல் என்றிருந்தது. வீடியோ நாடாவில் படமும் ஒலியும் சேர்ந்தே பதிவாகும். எடுத்தவுடன் போட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு அதன் மேலேயே மீண்டும் எடுக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான வசதி, கழுவுவதற்கு லாபரட்டரிக்கு அனுப்ப வேண்டியதில்லை. அங்கே யார் பார்ப்பார்களோ, யாரிடம் சொல்வார்களோ என்ற பயமும் இல்லை. ஒளிந்து வாழ நேர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! அவர்களில் பலர் வீடியோவை நாடியது தற்செயலல்ல.

படத்தின் அமைப்பைப் பற்றியும் சில வார்த்தைகள். கதைத் தொடர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். இருட்டில் ஆடையின்றி அசையும் ஓர் உடல் வரும், அது ரிக்ஸ்தான். கவிதை வரும், எஸ்ஸெக்ஸ் ஹெம்ஃபில் என்ற கவிஞரை நேரில் காண்பீர்கள். இதயத்துடிப்பு ஓசை கேட்கும். ரிக்ஸ் தம் பள்ளி நாட்களைச் சொல்லும்போது, திரை முழுவதும் ஒரு வாய் மட்டும் தோன்றி வசைமொழியைக் கக்கும். முகம் தெரியாது. ஊர் தூற்றுவது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டியவர் யாருமில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். பிறகு ஸான்பிரான்ஸிஸ்கோ. அங்கே காஸ்ட்ரோ என்ற பேட்டையில் ஆண்கள் கைகோத்து நடக்கிறார்கள்; விடுதலை வந்துவிட்டது என்று நினைத்துப் போன கறுப்பின வாலிபனை அங்கே ஏறெடுத்துப் பார்ப்பவர் இல்லை. திரும்பித் தன் இனத்தாரிடம் வந்தால், எட்டி மர்ஃபி போன்ற ஹாஸ்ய நடிகர் மேடையில் இவர்களை வைத்துச் சிரிக்க வைக்கிறார். அந்தக் காட்சியையே எடுத்து ரிக்ஸ் தம் படத்தில் சேர்த்திருக்கிறார். வெள்ளையர் பேட்டையையும் அவர் விடவில்லை, சொந்த இனத்தையும் விடவில்லை.

படத்தில் குறையே இல்லையா? உண்டு. கறுப்பின ஆண் கறுப்பின ஆணை நேசிப்பதே புரட்சி என்ற முடிவுக்குப் படம் வருகிறது. ரிக்ஸின் வாழ்க்கைத் துணைவரோ ஒரு வெள்ளையர். விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது அதில் நியாயம் இருந்தது. பெண்களுக்கும் இப்படத்தில் இடமில்லை. இவற்றை விவாதத்தில் பேசுவோம்.

1988 கடைசியில், ஜெர்மனிக்குச் சென்றிருந்த இடத்தில், ரிக்ஸின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. எச்.ஐ.வி. கிருமி தம் இரத்தத்தில் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-ல்தான் வந்தது. இறந்தவர்களின் முகங்கள் படத்தில் ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும்போது, அந்த வரிசையில் தமக்கும் இடம் உண்டு என்று தெரிந்தே அவர் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

1991 ஜூலையில் பி.பி.எஸ். பொதுத் தொலைக்காட்சி இதை ஒளிபரப்ப முன்வந்தது. நாட்டின் பல நிலையங்கள் மறுத்துவிட்டன. மறு ஆண்டு ஜனாதிபதி தேர்தல். புஷ்ஷை எதிர்த்து அவர் கட்சிக்குள்ளேயே நின்ற பாட் புகானன் என்ற அபேட்சகர், படத்திலிருந்து சில விநாடிகளைக் கத்தரித்து, "உங்கள் வரிப்பணம் போகும் இடத்தைப் பாருங்கள்!" என்ற பாணியில் தேர்தல் விளம்பரமாக்கினார். அது ஓடிய இடம் எது தெரியுமா? ரிக்ஸ் வசை கேட்டு வளர்ந்த அதே ஜார்ஜியா! அரசாங்க வழியில் ரிக்ஸுக்கு வந்த மானியம் எவ்வளவு? 5,000 டாலர். ஒரு வல்லரசின் ஜனாதிபதி தேர்தலில் விவாதிக்க வேண்டிய தொகைதானா இது? கலைகளுக்கு மானியம் வழங்கும் தேசிய நிறுவனத்தின் தலைவர் ஃப்ரோன்மேயர், அதே 1992 பிப்ரவரியில் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ரிக்ஸ் ஒதுங்கவில்லை; நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் புகானனுக்குப் பதில் எழுதினார்.

1994 ஏப்ரலில், 37-ம் வயதில், அவர் காலமானார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே எடுத்துக்கொண்டிருந்த கடைசிப் படத்தை அவருடைய சகாக்கள் முடித்து வெளியிட்டார்கள். 2022-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'டங்ஸ் அன்டைட்' சேர்க்கப்பட்டது.

நண்பர்களே, வசைச் சொற்கள் படத்தில் அப்படியே வருகின்றன. சில காட்சிகள் சங்கடமாகவும் இருக்கலாம். நாங்கள் எதையும் வெட்டவில்லை. படம் முடிந்ததும் அரை மணி நேரம் விவாதம். எழுந்து பேச விரும்பாதவர்கள் தாளில் எழுதிக் கொடுக்கலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.