ஒரு நாள் நம்ம ஊரைப் பார்ப்போம்



சுற்றுலா என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் சொன்னீர்கள். போகலாம். ஆனால் இரண்டு ராத்திரி வீட்டை விட்டு வர முடியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! போன தடவையும் அவர்கள் சந்தா கட்டினார்கள், வரவில்லை. அதனால் நான் கேட்பது ஒரே ஒரு நாள், நம்ம ஊரிலேயே. இங்கே என்ன இருக்கு என்கிறீர்களா?

காலையில் திருநின்றவூர். பூசலார் நாயனார் ஊர். கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. கல், மரம், தச்சர் என்று எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே சேர்த்து, மனசுக்குள்ளேயே கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ ராஜா கட்டின கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவபெருமான் ராஜா கனவில் வந்து, பூசலார் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கு, நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றாராம். ராஜா தேடி வந்தால் இங்கே கோயிலே இல்லை! இன்றைக்கு இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் வேண்டிக்கொள்ள வருகிறார்கள். வேண்டுங்கள், மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து ஆவடி. டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் ஆவடி என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததோ 1961-ல். அதற்கு முன்பே, 1955 ஜனவரியில், ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. 1965-ல் விஜயந்தா டாங்கி இங்கிருந்து வெளிவந்தது. உள்ளே விடமாட்டார்கள், பஸ்ஸில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். அம்பத்தூர் எஸ்டேட் வேண்டாம். தினமும் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அது என்ன சுற்றுலா?

நடை சாத்துவதற்குள் திருவேற்காடு போய்விட வேண்டும். கருமாரியம்மன் எல்லோருக்கும் தெரியும். மூர்க்க நாயனார் ஊரும் அதுதான் என்பது தெரியுமா? சூதாடி ஜெயித்த காசில் அடியார்களுக்குச் சோறு போட்டவர். (நிதி திரட்ட இந்த வழியை எந்தக் குழுவும் எடுத்துக்க வேண்டாம்!)

சாப்பாட்டை ஓட்டலில் வாங்காதீர்கள். நம் குழுக்களே புளிசாதம், தயிர்சாதம் கட்டட்டும். அந்தப் பணம் நம்மிடமே சுற்றும்.

சாயங்காலம் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்று எழுதுகிறோமே, அந்தப் பெயருக்கு ஏற்ற பிள்ளை திருக்கச்சி நம்பி இங்கே பிறந்தார். நந்தவனம் போட்டு, காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோய்க் கொடுத்து, விசிறி வீசி சேவை செய்தவர். ராமானுஜரே அவரைக் குருவாக மதித்தார். பூ கட்டி விற்கிற நம் பெண்கள் அவர் சன்னதியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பக்கத்திலேயே மாங்காடு காமாட்சி. அங்கே அர்த்தமேரு சக்கரம் மூலிகைகளால் ஆனது, அதனால் அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தரிசனம் முடித்தால் ராத்திரி சமையலுக்கு வீட்டில் இருக்கலாம்.

விருப்பம் உள்ளவர்கள் இன்றைக்கே ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். போன தடவை வர முடியாதவர்களுக்கு முதல் இடம். மாமியாரைத் தனியாக விட முடியாதவர்கள் அவரையும் கூட்டி வாருங்கள்.