மனச்சுமைக்கு ஒரு சுமைதாங்கி
(கிள்ளானில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)

 

அன்றாட வாழ்வில் வரும் மனவுளைச்சலைச் சமாளிப்பது எப்படி என்பதே இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இதைப் பற்றிப் பேச நாம் வைத்தியரும் அல்ல, மனநூல் கற்ற பேராசிரியரும் அல்ல. தமிழ்ப் பள்ளியில் படித்து, தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதும் கிராணி. ஆனால், சம்பள நாளன்று மேசைக்கு அப்பக்கம் வந்து நிற்கும் முகங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறோம். அந்த முகங்கள் கற்பித்த பாடத்தையே இங்கு ஒப்புவிக்கிறோம்.

முதலில் எம் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒரு மாசி மாதம். பால் மரங்கள் இலையுதிர்த்து நின்றன. பால் வரத்துக் குறைந்திருந்தது. பால் ஸ்டோரில் ஒரு தோழர் நிறுவையில் ஒரு கிலோ குறைகிறதென்று எம்முடன் சண்டைக்கு வந்தார். வாளியைக் காலால் உதைத்தார். நாமும் சும்மா இருந்தோமா? இல்லை. அத்தனை பேர் முன்னிலையில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினோம். மானேஜருக்கு எழுதிக் கொடுப்பதாக மிரட்டவும் செய்தோம்.

அன்று மாலை மனம் கேட்கவில்லை. அவர் வீட்டுக்குப் போனோம். மகளின் கல்லூரிச் செலவுக்காக வட்டிக்காரனிடம் கடன் வாங்கியிருந்தார். விடாத மழையால் பல நாள் வெட்டு இல்லை. தவணை தவறியதும் இரவுதோறும் தொலைபேசியில் மிரட்டல். பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை. மனைவிக்குக்கூடத் தெரியாது. தோழர்களே, அவர் எம்முடன் போட்டது ஒரு கிலோ பாலுக்கான சண்டையா?

எம் கதை என்ன? அன்று காலைதான் கணக்கில் ஒரு பிழைக்காக மேலிடத்தில் நாம் ஏச்சு வாங்கியிருந்தோம். மேலிருந்து வந்ததை அப்படியே அவர் தலையில் இறக்கினோம். அவர் அதை வீட்டில் மனைவி தலையில் இறக்கியிருப்பார். அந்த அம்மாள் பிள்ளையின் முதுகில் இறக்கியிருப்பார். மனச்சுமை இப்படித்தான் ஏணிப்படி இறங்குகிறது. கடைசிப் படியில் நிற்பது எப்போதும் ஒரு குழந்தைதான். இதை நிறுத்த வேண்டும். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம்.

இந்தச் சுமை உடம்பில் என்ன செய்கிறது? விடியுமுன் இருட்டில் நிரைக்குள் நடக்கிறோம். காலடியில் நாகம் சீறுகிறது. உடனே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கை கால்களுக்கு இரத்தம் பாய்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பு தயாராகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் இதை விளக்கினார். பாம்பு போய்விட்டால் படபடப்பும் அடங்கிவிடும். ஆனால் கடன் என்ற பாம்பு போவதில்லை. மழை என்ற பாம்பும், வீட்டைக் காலி செய் என்ற பாம்பும் அப்படியே. இரவும் பகலும் படமெடுத்து நிற்கும். ஓயாத தாக்குதல் குளிரானாலும் காயமானாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே விதமாகச் சீர்குலைகிறது, வயிற்றில் புண்கூட உண்டாகிறது என்று மாண்ட்ரியல் நகரில் எலிகளைச் சோதித்த ஹான்ஸ் செல்யே 1936ல் எழுதினார். ஆகவே, மனவுளைச்சல் என்பது கோழையின் நோயோ சோம்பேறியின் சாக்கோ அல்ல.

அது பெரிய பதவிக்காரர்களின் வியாதி என்று எண்ணுவோரும் உண்டு. அதுவும் தவறு. லண்டன் அரசாங்க அலுவலக ஆண் ஊழியர்களிடம் 1967ல் ஓர் ஆய்வு தொடங்கியது. மேலதிகாரிகளைவிடக் கீழ்ப்படியில் இருந்தவர்களே இருதய நோயால் அதிகம் இறந்தார்கள் என்று அது காட்டியது. 1985ல் தொடங்கிய அடுத்த ஆய்வு காரணத்தைத் தேடியது. தாம் செய்யும் வேலையில் தமக்கே சொல் இல்லாதவர்களுக்கு ஆபத்து மிகுதி என்று கண்டது. வேலையின் பளு மட்டுமல்ல, சொல்லுக்கு மதிப்பில்லாமையும் மனிதனை அரிக்கிறது.

இந்த உண்மையைக் கிள்ளான் வட்டாரத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் லண்டன் ஆய்வுக்கு முன்னரே அறிந்திருந்தார்கள். 1941ல் இந்த மண்ணில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடைகளை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கொடு என்றார்கள். எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடக்காதே என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழி என்றார்கள். துரை முன்பு மட்டுமல்ல, தோட்டத்துச் சிப்பந்திகள் முன்பும் இறங்க வேண்டியிருந்தது. சிப்பந்தி என்றால் யார்? எம்மைப் போன்ற கிராணியும்தான். அந்த வரலாற்றைப் படித்தபோது வெட்கித் தலைகுனிந்தோம். அவர்களை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் நீத்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்குவது அற்ப விஷயமாகத் தோன்றலாம். நாள்தோறும் இறங்குகிறவனுக்கல்லவா அதன் வலி தெரியும்!

நிற்க. தமிழ்நாட்டில் நம் முன்னோர் பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல் தூண், மேலே ஒரு பலகைக் கல், தலை உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றி அதன்மேல் சுமையை இறக்கி வைப்பார். மூச்சுவிட்டு, மீண்டும் தூக்கிக்கொண்டு நடப்பார். அந்தக் கல் சுமையைக் குறைக்காது. ஆனால் சுமப்பவனை விழாமல் காக்கும். நம் மனச்சுமைக்கும் அத்தகைய கற்கள் வேண்டும்.

முதற் கல், தூக்கம். குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதற்காக நாலு மணிக்கே எழுகிறோம். ஆனால் இரவு பதினொரு மணிவரை கைத்தொலைபேசியைப் பார்த்திருந்தால் தூக்கத்துக்கு மிஞ்சுவது எத்தனை மணி? தூங்காத மனத்துக்குச் சிறு துரும்பும் மலை. ஒன்பது மணிக்குத் தொலைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். படுக்கையில் மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். பத்து முறை செய்தால் நெஞ்சின் படபடப்பு தணியும். இதற்குச் செலவில்லை.

சிலர் தூக்கத்துக்குச் சம்சுவை நாடுகிறார்கள். அது சுமைதாங்கி அல்ல, தோழர்களே. சுமையை மனைவி மக்கள் தலைக்கு மாற்றும் தந்திரம். குடித்தவனுக்கு நடுராத்திரியில் தூக்கம் கலையும். காலையில் கவலையோடு கடனும் கூடியிருக்கும். 1941ல் கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் இதை அறிந்தே சொன்னார்கள்.

இரண்டாவது கல், ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம். மனத்தில் கிடக்கும் கடனுக்கு அளவில்லை. தாளில் எழுதிய கடனுக்கு அளவுண்டு. யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எது இம்மாதம், எது அடுத்த மாதம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். மழைக்கும் இலையுதிர்வுக்கும் ஆண்டுதோறும் வருமானம் குறையும் என்பது தெரிந்த விஷயம். வரத்து மிகுந்த மாதங்களிலேயே அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாவது கல், கேட்க ஒரு காது. தோட்டத்தில் லயத்து வாசலில் நின்றாலே பக்கத்து வீட்டு அக்காள், "முகம் ஏன் வாடியிருக்கு?" என்று கேட்பாள். கிள்ளானிலிருந்து ரயிலேறிக் கோலாலம்பூரில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும், பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் தங்கியிருப்பவர்களுக்கும் அந்த வாசல் இல்லை. அவர்களிடம் நாமே கேட்க வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்குமுன், தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள், ஏசாதீர்கள். தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023ல் நீக்கப்பட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. 1970 முதல் இயங்கிவரும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பிலும் தொலைபேசியில் பேசலாம்.

நான்காவது கல், ஒற்றுமை. தனியொருவன் எத்தனை முறை மூச்சை இழுத்துவிட்டாலும் சம்பளம் உயராது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வேலையும் வீடும் போய்விடுமோ என்று நம் பாட்டன்மார் தூக்கமிழந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. பயம் பங்காக மாறியது! குறைந்தபட்சச் சம்பளம் 2013ல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாக வந்தது. 2025ல் 1,700 வெள்ளியாயிற்று. போதுமா என்றால் போதாது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு தனியே இருந்தவரால் இது வரவில்லை. கூடிக் கேட்டதால் வந்தது.

அந்தத் தோழர் என்னவானார் என்று கேட்பீர்கள். அன்றிரவே மனைவியிடம் சொன்னார். நோட்டுப் புத்தகத்தில் கடனை மூவரும் எழுதினோம். கிளைக் கமிட்டித் தோழர்கள் துணைக்குப் போய்த் தவணையைப் பேசி முடித்தார்கள். கடன் இன்னும் தீரவில்லை, கட்டிக்கொண்டுதான் வருகிறார். ஆனால் தூங்குகிறார். மறுநாள் காலை பிரட்டுக் களத்தில், ஏசிய அதே ஆட்கள் முன்னிலையில், அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். கிராணி மன்னிப்புக் கேட்பதா என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அன்று எம் நெஞ்சிலிருந்தும் ஒரு சுமை இறங்கியது.

ஆகவே, தோழர்களே! இன்று வீடு திரும்பியதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் சுமையைக் கீழே இருப்பவர் தலையில் இறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசி இறக்குங்கள். சங்கத்து மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். நாம் ஒருவருக்கொருவர் சுமைதாங்கியாய் நிற்போம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!